பாடினால் நோய் போகுமா, மிஸி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன். ஊரில் இன்னும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது வியாழக்கிழமை மாலைகளில் கோவில் மண்டபம் ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பாடுகிறோம். துணையை இழந்தவர்கள், தூக்கம் வராதவர்கள், மறதி நோய் வந்த பெற்றோரைக் கவனித்துக்கொள்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். அங்கேயும், காலையில் பசாரில் மீன் வாங்கும்போதும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இசை கேட்டால் நோய் குணமாகுமா?

குணமாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் கடமை. இனிப்பு நீரையோ (நீரிழிவையோ) இரத்தக் கொதிப்பையோ புற்றுநோயையோ எந்தப் பாட்டும் போக்கிவிடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு மந்திர ஒலிப்பதிவை மட்டும் நம்பியிருந்தவர்கள் கால் அழுகிய நிலையில் வார்டுக்கு வந்ததைக் கண்ணால் கண்டவள் நான்.

ஆனால் நோயோடு சேர்ந்து வருகிற வலி, பயம், தூக்கமின்மை, தனிமை ஆகியவற்றில் இசை செய்யும் உதவி பெரிது. 2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில், 73 சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, நடக்கும்போதோ, முடிந்த பிறகோ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன; வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. முழு மயக்கத்தில் இருந்தபோது இசை ஒலிக்கப்பட்டவர்களுக்குக்கூடப் பலன் தெரிந்தது. புண்ணை ஆற்றுவது மருந்தின் வேலை, புண்பட்டவரை ஆற்றுவது பாட்டின் வேலை என்று நான் பிரித்துச் சொல்வது வழக்கம்.

பாடி நோய் தீர்த்த வரலாறுகள் நம்மிடம் இருக்கின்றனவே, அவையெல்லாம் பொய்யா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோவில் பெரியவர்கள். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததும், சம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடிப் பாண்டியனின் வெப்பு நோயைத் தணித்ததும் எனக்கும் பக்தியோடு சொல்லித் தரப்பட்டவைதாம். அந்த நம்பிக்கையோடு யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

அவற்றைவிடப் பழைய பாட்டு ஒன்றை அவர்களுக்கு நினைவூட்டுவேன். புறநானூற்றின் 281ஆம் பாட்டு, அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டவன் வீட்டில் கிடக்கிறான். பெண்கள் வீட்டில் இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகுகிறார்கள். யாழும் மற்ற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மெல்ல மை தடவுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், மணப்புகை போடுகிறார்கள். வேம்பும் மையும் ஒரு பக்கம், யாழும் மணியும் இன்னொரு பக்கம், எல்லாம் ஒரே வீட்டுக்குள்! ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்ற எண்ணமே அந்தப் பெண்களுக்கு இல்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்களுக்கு இருந்த தெளிவு இது.

பாடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் மாறுவது மூச்சு. ஒரு வரியை இழுத்துப் பாட வேண்டுமென்றால் மூச்சை நீளமாக வெளியே விட்டாக வேண்டும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இத்தாலிய ஆய்வொன்று, லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்பவர்களையும் மந்திரம் சொல்பவர்களையும் சேர்த்து அளந்தது. இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாகக் குறைந்து, இதயத்தின் தாளமும் சீர்பட்டது. நம் ஊர் மாதா கோவிலுக்குப் போகும் தோழிகளிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பிடித்த பாட்டில் உடல் சிலிர்க்கும் இடம் ஒன்று வருமே, அந்த நொடியில் மூளையில் டோபமின் சுரப்பதை 2011இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் படமெடுத்துக் காட்டினார்கள். பசிக்குச் சோறு கிடைக்கும்போது சுரக்கும் அதே பொருள்தான் அது.

எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தது புத்தகமில்லை. என் அம்மா பால்மரம் சீவியவர். பள்ளி விடுமுறையில், மரப்பால் பிடிக்கும் மங்குகளைத் துடைக்க அவர் பின்னால் போவேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலைவிளக்கோடு மர வரிசைக்குள் நுழைந்துவிடுவார். விளக்கு மரத்தின் மேல்தான் விழும், அவர் முகம் தெரியாது. ஒரு முனகல் மட்டும் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருக்கும். சொல் இல்லாத மெட்டு. கத்தி பட்டையில் சரிந்து இறங்கும்போது மெட்டும் இறங்கும். பால் மங்கில் சொட்டத் தொடங்கியதும் மூச்சு வாங்கி, அடுத்த மரத்தில் மறுபடி தொடங்கும். "ஏன் அம்மா பாடிக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "பயம் தெரியாமல் இருக்க" என்றார். மனப்பதற்றத்தோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்த முனகலைத்தான். வாயை மூடிக்கொண்டு, மெதுவாக, ஐந்து நிமிடம்.

எந்த நோய்க்கு எந்த ராகம்? வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்ததே?

எனக்கும் வந்தது. சிறுநீரகத்துக்கு ஒன்று, வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, நம்பி எதையும் செய்ய வேண்டாம்.

நீலாம்பரியில் தாலாட்டுவது நம் மரபு. தேவாரப் பண்களில் மேகராகக்குறிஞ்சி அதற்கு இணையானது. இதமான ராகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே நீலாம்பரியை ஒலிபெருக்கியில் அலறவிட்டால் யார் தூங்குவார்? மனத்தை அடக்குவதற்கு ராகத்தின் பெயரைவிட முக்கியமானவை வேறு: மெதுவான நடை, நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு, தாழ்ந்த குரல், திடீரென்று எகிறாத மெட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவருக்குப் பழகிய பாட்டு. கர்நாடக இசையே கேட்டு வளராத செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத் தொழிலாளிக்கு ஒரு மணி நேர ஆலாபனையைப் போட்டுவிட்டு ஆறுதல் அடையச் சொல்வது முறையில்லை. அவருக்கு அவர் அப்பா முணுமுணுத்த பழைய சினிமாப் பாட்டுதான் நீலாம்பரி.

அம்மாவுக்கு மறதி நோய். என்னையே தெரியவில்லை. பாட்டு போட்டால் பயன் உண்டா?

உண்டு. போன நினைவைப் பாட்டு திரும்பக் கொண்டுவராது. ஆனால் பழகிய பாட்டைப் பற்றிய நினைவு மற்ற நினைவுகள் அழிந்த பிறகும் வெகுகாலம் நிற்கிறது. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தாம் மிக ஆழமாகப் பதிந்திருக்கும். ஆகவே உங்களுக்குப் பிடித்ததைத் தேடாதீர்கள். அவர் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தார், அங்கே திருவிழாவில் என்ன பாடினார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்ன தாலாட்டு கேட்டது என்று அவர் வயதுக்காரர்களிடம் விசாரியுங்கள்.

எங்கள் குழுவுக்கு ஒரு பாட்டியை மகள் அழைத்து வருகிறார். நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். மகளை "யார் வீட்டுப் பெண்?" என்று கேட்பார். முதல் இரண்டு வாரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் பெண்கள் கும்மி தட்டத் தொடங்கியதும் அவருடைய கைகளும் தட்டின. காய்ப்பு ஏறிய உள்ளங்கைகள். தட்டும் ஓசை எங்களுடையதைவிடக் கனமாக இருந்தது. பிறகு நாங்கள் யாரும் கேட்காமலே ஒரு தாலாட்டைத் தொடங்கினார். எட்டு வரி, ஒரு சொல் பிசகவில்லை. முடித்துவிட்டு மகளின் பக்கம் குனிந்து, "பிள்ளை தூங்கிவிட்டதா?" என்று ரகசியமாகக் கேட்டார். மகள், "தூங்கிவிட்டது அம்மா" என்றார்.

வீட்டில் செய்யும்போது டிவியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பாட்டு மட்டும் போடுங்கள். மாலையில் அலைச்சலும் கோபமும் கூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. குளிப்பாட்டும்போது மிரள்பவர்களுக்கு, தண்ணீர் ஊற்றும் தாளத்தில் நீங்களே பாடிப் பாருங்கள். மின்னல் எஃப்.எம். வானொலியில் பழைய பாடல்கள் வரும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். எந்தப் பாட்டுக்குக் கண் மலர்கிறதோ அதைக் குறித்து வையுங்கள். முகம் சுருங்கினால் உடனே நிறுத்துங்கள். சில பாட்டுகள் சாவு வீட்டை நினைவூட்டும்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. ஆனால் தேவாரம் பாடுகிறார். இது எப்படி?

பேச்சைப் பெரும்பாலும் நடத்துவது மூளையின் இடப்பக்கம். பாடுவதில் வலப்பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால் இடப்பக்கம் அடிபட்ட சிலருக்குத் 'தண்ணீர்' என்று சொல்ல வராது, பாட்டில் அந்தச் சொல் வந்தால் தங்குதடையின்றி வரும். இதை வைத்தே 1973இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஒரு பயிற்சியை வகுத்தார்கள். அன்றாடத்துக்கு வேண்டிய சிறு சொற்றொடரை இரண்டே சுரத்தில் மெட்டாக்கி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையை மேசையில் தட்டியபடி சேர்ந்து பாடுவது. கொஞ்சம் கொஞ்சமாக மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது.

இதைப் பேச்சுச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் அப்பாவோடு தினமும் பாடுவதை நிறுத்தாதீர்கள். கேட்பதற்கும் பலன் உண்டு. ஹெல்சிங்கியில் 60 பக்கவாத நோயாளிகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரமாவது தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பின. மனச்சோர்வும் குறைவாக இருந்தது.

நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) உள்ளவர்கள் நடக்கும்போது காலடி ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார்கள். சீரான தாளம் கேட்டால் அடி எடுத்து வைப்பது பலருக்கு எளிதாகிறது. இயன்மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

நீங்கள் நடத்துவது இசைச் சிகிச்சையா?

இல்லை. இசைச் சிகிச்சை என்பது முறையாகப் படித்துச் செய்யும் தொழில். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக்கப் போனவர்கள், நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று உணர்ந்ததிலிருந்து அது வளர்ந்தது. 1944இல் மிச்சிகனில் முதல் பட்டப்படிப்பு தொடங்கியது. நாங்கள் சேர்ந்து பாடுகிறவர்கள், அவ்வளவுதான்.

சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பது நாகரிகமில்லை என்கிறார்கள் பிள்ளைகள். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் அமைதியாகப் பதில் சொல்வதே இல்லை.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொள்வார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். செத்தவரின் குணம், அவர் வாங்கித் தந்த சேலை, கடைசியாகச் சாப்பிட்டது, மருத்துவமனைக்குத் தாமதமாகக் கொண்டுபோன குற்ற உணர்ச்சி, மாமியார்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த மெட்டில் வெளியே வந்துவிடும். மற்ற நாளில் வாய் திறந்து சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அழுகைக்கு ஒரு மெட்டு இருந்ததால் அது மூச்சை அடைக்காது. வரி முடியும் இடத்தில் மூச்சு வாங்கியே ஆக வேண்டும். முதுகில் ஒரு கை எப்போதும் இருக்கும்.

தோட்டங்களைத் துண்டாடி விற்ற பிறகு நாங்கள் நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தோம். இங்கே சாவு வீட்டில் யாரோ ஒலிப்பதிவு செய்த பாட்டு ஓடுகிறது. உறவினர்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கணவரை இழந்த ஓர் அம்மா, "அண்டை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அழவில்லை, மிஸி" என்று ஐந்து மாதம் கழித்து என்னிடம் சொன்னார். அதுவரை அவருக்கு நெஞ்சில் பாரம், எல்லாப் பரிசோதனையும் செய்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மண்டபத்தில் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஏழு பெண்கள் அவரோடு உட்கார்ந்தோம். எழுபத்தெட்டு வயது அக்கா ஒருவர் எடுத்துக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று இரவு நடுவில் எழாமல் தூங்கியதாகச் சொன்னார். நெஞ்சு பாரம் முழுதும் போகவில்லை, இன்னும் வருகிறார்.

ஒப்பாரி பாடத் தெரிந்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

மகன் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். கெட்டுப்போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

உறுமியைக் கெட்ட வார்த்தையாக்கிவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் அடிவயிற்றைத் தொடும். பள்ளியில் பின்வரிசையில் கிடந்த பையன்கள், இருபது பேர் ஒரே தாளத்தில் அடிக்கும்போது தம்மால் ஒன்று ஒழுங்காக நடக்கிறது என்பதை உணர்கிறார்கள். கூட்டமாகத் தாளம் சேர்ப்பது மனிதரை மனிதரோடு சேர்க்கும். மகன் யாரோடு போகிறான், பயிற்சி முடிந்து எங்கே போகிறான் என்பதைப் பாருங்கள். மேளத்தைப் பிடுங்காதீர்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஈப்போ கல்லுமலைக் கோவில் தைப்பூசத்தில் காவடியோடு அருள் வந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். விரதம், வெயில், இடைவிடாத ஒரே தாளம் எல்லாம் சேர்ந்த நிலை அது. வலிப்பு நோய் உள்ளவர்களும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

அடுத்தது காது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதே எல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் வாரத்துக்கு 20 நிமிடம்தான். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஆபத்தான எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். மேளம் முடிந்த இரவு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அது எச்சரிக்கை. மகன் பகலில் செம்பனை ஆலையிலோ புல்வெட்டும் இயந்திரத்தோடோ வேலை செய்தால் கேடு இரட்டிப்பு. வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே மலேசியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள் வைத்த எல்லை. மருந்துக் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) காதடைப்பான் கிடைக்கும், ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

தூக்கம் வர என்ன கேட்க வேண்டும்?

மெதுவான, பழகிய, சொல் குறைந்த இசை. தினமும் ஒரே நேரத்தில், அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை, விளக்கை அணைத்த பிறகு. ஓரிரு நாளில் பலன் பார்க்காதீர்கள், மூன்று வாரம் தாருங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள், இடையில் விளம்பரம் அலறினால் எல்லாம் வீண். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவர்களுக்கு மின்விசிறியின் சீரான இரைச்சலே தெருச் சத்தத்தை மறைக்கப் போதும்.

528 ஹெர்ட்ஸ், திபெத்தியக் கிண்ணம்: இவற்றுக்குப் பல நூறு வெள்ளி கேட்கிறார்கள். சேரலாமா?

கிண்ணத்தின் ஒலி இனிமையானது. படுத்துக்கொண்டு கேட்டால் உடல் தளரும், அதை மறுக்கவில்லை. ஆனால் குறிப்பிட்ட ஓர் அலைவரிசை மரபணுவைச் செப்பனிடும், கட்டியைக் கரைக்கும் என்பதெல்லாம் பொய். வாடகைக்குத் திண்டாடும் குடும்பம் அதற்குக் கடன் வாங்குவதைக் கேட்டால் மனம் பதறுகிறது. உங்கள் கோவில் மணியின் ரீங்காரம் அடங்கும்வரை கண்ணை மூடிக் கேளுங்கள். அதே தளர்ச்சி கிடைக்கும், காசு வேண்டாம்.

கருவில் இருக்கும் பிள்ளைக்கு மேல்நாட்டு இசை போட்டால் அறிவு வளருமா?

வளராது. 1993இல் கல்லூரி மாணவர்கள் 36 பேரை வைத்துச் செய்த சிறு சோதனையில், மோட்சார்ட் இசை கேட்ட பின் ஒருவகைப் புதிரில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. மீதியெல்லாம் வியாபாரம்.

ஏழு மாதக் கருவுக்குத் தாயின் குரல் கேட்கும், பிறந்ததும் அதை அடையாளம் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்காக 11 மருத்துவமனைப் பிரிவுகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பெற்றோருக்குப் பிடித்த பாட்டைத் தாலாட்டாக நேரில் பாடியபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது, பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. வயிற்றில் ஒலிபெருக்கியை வைக்காதீர்கள். பாடுங்கள். அப்பாவும் பாடலாம்.

எனக்குப் பாடவே வராதே?

மண்டபத்தில் பாதிப் பேருக்கு வராது. மூச்சு நீண்டால் போதும், சுருதி சேர வேண்டியதில்லை.

சோகப் பாட்டைக் கேட்டால் அழுகை வருகிறது. கேட்கலாமா?

அழுத பிறகு மனம் லேசாகிறதா, இன்னும் கனக்கிறதா என்று பாருங்கள். லேசானால் கேளுங்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதே எண்ணத்தில் இரவெல்லாம் சுழன்றால் அது ஆறுதலாகாது. அப்போது மனநிலைக்குப் பொருந்தும் ஒரு பாட்டில் தொடங்கி, அடுத்தடுத்துச் சற்றே வெளிச்சமான பாட்டுகளுக்கு நகருங்கள். எடுத்தவுடன் குத்துப்பாட்டைப் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். பாட்டு பழைய அடி உதையை நினைவூட்டி உடலை நடுங்க வைத்தால், அதைத் தனியாகக் கையாளாதீர்கள், ஆலோசகரிடம் போங்கள்.

மனச்சோர்வுக்குப் பாட்டு மட்டும் போதாதா? மருத்துவரிடம் போனால் ஊர் பேசும்.

போதாது. 2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 9 ஆய்வுகளை, மொத்தம் 421 பேரை வைத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தபோது, சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மனச்சோர்வு அதிகமாகக் குறைந்தது. 'சேர்ந்தபோது' என்பதை நன்றாகக் கவனியுங்கள்.

ஊர் பேசும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்தில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்" என்பார்கள். 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் ஓர் ஊரின் பெயரே வசவாகிவிட்டது. அந்த மருத்துவமனையின் இன்றைய பெயரில் உள்ள 'பஹாகியா' என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். அங்கே போய்த் தேறி வந்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுபவர்களை நான் அறிவேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் மூன்றும் கெட்டிருந்தால் முதலில் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. நள்ளிரவுக்குப் பிறகு பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண் 24 மணி நேரமும் இயங்கும். உயிரை மாய்க்க முயல்வது 2023 முதல் மலேசியாவில் குற்றமில்லை. போலீஸ் வரும் என்று பயந்து யாரும் மறைக்க வேண்டாம். தற்கொலை எண்ணம் சொல்கிறவருக்குப் பாட்டு போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். கூடவே இருங்கள், 999ஐ அழையுங்கள்.

வியாழக்கிழமை வர என்ன வேண்டும்? கட்டணம் உண்டா?

கட்டணம் இல்லை. மாலை 5.30 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம். முதலில் ஐந்து நிமிடம் முனகல், பிறகு ஒரு தாலாட்டு, ஒரு பஜனை, புதிதாக வந்தவர் கேட்கும் ஒரு பழைய பாட்டு. எந்தச் சமயத்தவரும் வரலாம். பாடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடக்கும் பெரியவர் இருந்தால் அவரையும் காரில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், முதுகு சாய நாற்காலி இருக்கிறது. தண்ணீர் போத்தல் மட்டும் எடுத்து வாருங்கள். தேநீர் நாங்கள் தருவோம்.

ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்வதில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்காது. அப்போது பாட்டை நிறுத்திவிட்டு, மழை விடும்வரை அப்படியே உட்கார்ந்திருப்போம். பாட்டி மட்டும் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.